புற அரணும் அக அரணும்

நுழையும்முன்

ஊருக்கு வேலியும் வீட்டுக்குக் கதவும் அமைத்து வாழ்ந்தவர் நம் முன்னோர். இன்று மலையடிவாரச் சிற்றூரிலுள்ள ஒரு வீட்டுக் கணினியும் உலகெங்கும் உள்ள கணினிகளோடு இணைந்துவிட்டது. அந்த இணைப்பின் வழியே அறிவும் வருகிறது, ஆபத்தும் வருகிறது. வருவனவற்றுள் ஏற்க வேண்டியவை எவை, தடுக்க வேண்டியவை எவை எனப் பிரித்தறியும் காவல்முறையே தீயரண். அதன் செயல்முறையையும் வலிமையையும் எல்லையையும் இப்பாடம் விளக்குகிறது.

பெயரும் பொருளும்

தேனி மாவட்டத்தில், வருசநாட்டு மலைகளின் அடிவாரத்தில், மூல வைகை ஆற்றையொட்டி அமைந்த ஊர் மயிலாடும்பாறை. இப்பகுதியின் மலைக்காடுகள், 2021ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகத்தோடு தொடர்புடையவை. இத்தகைய காடுகளில் கோடை முற்றுவதற்கு முன்பே வனத்துறையினர் தீத்தடுப்புக் கோடுகளை அமைப்பர். குறிப்பிட்ட அகலத்திற்குப் புல்லையும் சருகையும் அகற்றி நிலத்தை வெறுமையாக்குவர். ஒரு பக்கத்தில் பற்றிய தீ, எரிவதற்கு ஏதுமற்ற அந்நிலத்தைக் கடக்க இயலாமல் தடைப்படும். தீயை அணைப்பது அக்கோட்டின் வேலையன்று. தீ பரவாமல் நிறுத்துவதே அதன் வேலை.

கட்டடக் கலையிலும் இதே எண்ணம் உண்டு. ஒட்டியிருக்கும் கட்டடங்களுக்கிடையே தீ பரவாதிருக்க எழுப்பப்படும் தடித்த சுவரை ஆங்கிலத்தில் ஃபயர்வால் என்பர். கணினியியல் அப்பெயரை ஏற்றுக்கொண்டது. தமிழில் அது தீயரண் எனப்படுகிறது.

இணையத்தில் இத்தகைய அரணின் தேவையை உலகம் உணர்ந்த நாள் 1988 நவம்பர் 2. அன்று அமெரிக்க மாணவர் ஒருவர் எழுதிய ‘மோரிஸ் புழு’ என்னும் நிரல், மனிதர் துணையின்றிக் கணினியிலிருந்து கணினிக்குத் தானே பரவியது. ஏறத்தாழ 6,000 கணினிகள் பாதிக்கப்பட்டன எனக் கணிக்கப்பட்டது. அன்றைய இணையம் மிகச் சிறியது. அறிஞர்கள் ஒருவரையொருவர் நம்பிப் பழகிய இடம். அந்த நம்பிக்கை மட்டுமே காவலாகாது என்பதை அப்புழு உணர்த்தியது.

இன்று இணையம் ஊர்தோறும் வந்துவிட்டது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழை வடத்தால் இணைக்கும் பணியைத் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் மேற்கொண்டுள்ளது. வீட்டுக் கணினியில் பட்டா நகல் இருக்கிறது. மதிப்பெண் சான்றிதழ் இருக்கிறது. வங்கிக் கணக்கைத் திறக்கும் கடவுச்சொல்லும் இருக்கிறது. ஓர் இரவில் இவை பறிபோனால், ஒரு குடும்பத்தின் பல்லாண்டு உழைப்பே பறிபோகலாம். எனவே, தீயரண் பற்றிய அறிவு கணினி வல்லுநர்க்கு மட்டும் உரியதன்று.

பொதியும் வாயிலும்

இணையத்தில் எச்செய்தியும் முழுமையாகச் செல்வதில்லை. அது சிறுசிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டே அனுப்பப்படுகிறது. ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் அனுப்பும் கணினியின் முகவரி, பெறும் கணினியின் முகவரி ஆகியவற்றோடு வாயில் எண்ணும் குறிக்கப்பட்டிருக்கும். முகவரி வீட்டைக் காட்டுகிறது எனில், வாயில் எண் அவ்வீட்டின் எந்தக் கதவு என்பதைக் காட்டுகிறது. ஒரு கணினிக்கு 0 முதல் 65,535 வரை வாயில் எண்கள் உண்டு. பாதுகாப்பான இணையப் பக்கங்களுக்கு 443, கோப்புப் பகிர்வுக்கு 445 என ஒவ்வொரு பணிக்கும் ஓர் எண் வழக்கத்தில் உள்ளது.

தேனி மாவட்டத்திலிருந்து கேரளத்திற்குக் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக மலைப்பாதைகள் செல்கின்றன. எல்லையிலுள்ள சோதனைச் சாவடியில், வண்டி எங்கிருந்து வருகிறது, எங்குச் செல்கிறது, உரிய அனுமதி உள்ளதா என்று பார்ப்பர். தீயரணும் இவ்வாறே ஒவ்வொரு பொதியின் தலைப்பையும் படித்து, முன்னரே வகுக்கப்பட்ட விதிகளோடு ஒப்பிடுகிறது. விதிக்கு உட்பட்டதை விடுகிறது, உட்படாததைத் தடுக்கிறது. ‘வெளிப்படையாக அனுமதிக்கப்படாதது எதுவும் தடுக்கப்பட வேண்டும்’ என்பதே நல்ல தீயரணின் அடிப்படை விதியாகும்.

புற அரண் : வன்பொருள் தீயரண்

இணையம் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் தனிக் கருவியாக நின்று காப்பது வன்பொருள் தீயரண். பெரிய நிறுவனங்கள் இதற்கென்றே தனிக் கருவிகளை வாங்குகின்றன. வீடுகளில், இணையச் சேவை நிறுவனம் பொருத்தித் தரும் ரூட்டர் என்னும் திசைவியே இப்பணியையும் செய்கிறது.

பழைய இணைய முகவரி முறையில் ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே உண்டு. அவை உலகிலுள்ள கருவிகள் அனைத்திற்கும் போதா. எனவே ஒரு வீட்டுக்கு ஒரே பொது முகவரி அளிக்கப்படும். வீட்டுக்குள் உள்ள கணினிக்கும் கைப்பேசிக்கும் திசைவி, 192.168 எனத் தொடங்குவன போன்ற உள்முகவரிகளை வழங்கும். உள்ளிருந்து ஒரு கணினி வெளியுலகிடம் ஒன்றைக் கேட்கும்போது, யார் யாரிடம் கேட்டார் என்பதைத் திசைவி தன் அட்டவணையில் குறித்துக்கொள்ளும். அதற்குரிய மறுமொழி வந்தால் கேட்டவரிடம் சேர்க்கும். யாரும் கேட்காமல் வரும் பொதிக்கு அட்டவணையில் இடம் இராது. அது வாயிலிலேயே கைவிடப்படும்.

இக்காவலின் சிறப்பு, வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளையும் ஒருசேரக் காப்பதாகும். கணினி பழுதுற்றாலும், அதில் தீநிரல் புகுந்தாலும், வாயிலில் நிற்கும் கருவி தன் பணியைத் தொடரும்.

அதற்குக் குறைகளும் உண்டு. உள்ளே இருக்கும் ஒரு கருவி மற்றொரு கருவியைத் தாக்கினால், வாயிலில் நிற்கும் காவலுக்கு அது பெரும்பாலும் தெரிவதில்லை. மடிக்கணினியை வெளியூருக்கு எடுத்துச் சென்றால் வீட்டுத் திசைவி உடன் வருவதில்லை. மேலும், ஐ.பி. பதிப்பு 6 என்னும் புதிய முகவரி முறையில் முகவரிகளுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு கருவியும் தனிப் பொது முகவரி பெறலாம். அந்நிலையில் உள்முகவரி தரும் மறைப்பு இராது. திசைவியின் தீயரண் விதிகளே காக்க வேண்டும்.

அக அரண் : மென்பொருள் தீயரண்

கணினிக்குள்ளேயே நிரலாக இருந்து அக்கணினியைக் காப்பது மென்பொருள் தீயரண். விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய இயக்க அமைப்புகள் மூன்றிலும் இவ்வசதி உண்டு. எனினும், சிலவற்றில் அது இயங்காநிலையில் வைக்கப்பட்டிருக்கும். பயன்படுத்துவோரே இயக்க வேண்டும்.

வாயிலில் நிற்கும் கருவிக்குப் பொதியின் முகவரி தெரியும். அப்பொதியைக் கணினிக்குள் எந்த நிரல் அனுப்பியது என்பது தெரியாது. மென்பொருள் தீயரணுக்கு அது தெரியும். ஆகவே, ‘இந்த நிரல் இணையத்தோடு தொடர்பு கொள்ளலாம், அந்த நிரல் கொள்ளக் கூடாது’ என நிரல்வாரியாக விதி வகுக்க அதனால் இயலும். களவாடிய தரவை வெளியே அனுப்ப முயலும் நிரலைத் தடுக்கவும் இது பயன்படும்.

இடத்திற்கேற்ப விதியை மாற்றிக்கொள்வதும் இதன் சிறப்பாகும். வீட்டு வலையமைப்பில் அச்சுப்பொறியைப் பகிர அனுமதித்துவிட்டு, பேருந்து நிலையத்தின் பொது வைஃபையில் எல்லாப் பகிர்வையும் நிறுத்திவிடலாம். தனித் திசைவியின்றிக் கைப்பேசி வழியே மடிக்கணினிக்கு இணையம் பெறுவோர்க்கு இந்த அக அரணே பெருந்துணை.

ஆனால், காவலன் வீட்டுக்குள்ளேயே இருப்பதால், வீட்டைக் கைப்பற்றியவன் காவலனையும் முடக்கிவிடலாம். கணினியில் முழு அதிகாரம் பெற்ற தீநிரல் முதலில் தீயரணை நிறுத்த முயல்வதும் உண்டு. எனவே புறமும் அகமும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. ஒன்று தவறும் இடத்தில் மற்றொன்று காக்கும் துணைகள்.

இருந்தும் உதவாத அரண்

2001ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி இயக்க அமைப்பிலேயே ஒரு தீயரண் இருந்தது. ஆனால், அது இயல்பாக இயங்காநிலையில் வைக்கப்பட்டிருந்தது. அப்படி ஒன்று இருப்பதையே பலர் அறியவில்லை. 2003 ஜூலையில் அவ்வமைப்பிலிருந்த ஒரு குறையை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அறிவித்து, அதற்கான திருத்தத்தையும் வெளியிட்டது. அடுத்த மாதமே அக்குறையைப் பயன்படுத்தி ‘பிளாஸ்டர்’ என்னும் புழு உலகெங்கும் பரவியது. அது 135ஆம் எண் வாயில் வழியாக நுழைந்தது. யாரும் எந்தக் கோப்பையும் திறக்க வேண்டியதில்லை. இணையத்தோடு நேரடியாக இணைந்திருந்தாலே போதும். பாதிக்கப்பட்ட கணினிகள் ஒரு நிமிட எச்சரிக்கையோடு மீண்டும் மீண்டும் அணைந்து எழுந்தன.

அவ்வாயிலை மூடியிருந்தால் அப்புழு நுழைந்திராது. மூடும் கருவியும் கணினிக்குள்ளேயே இருந்தது. அதை இயக்குவார் இல்லை. 2004 ஆகஸ்டில் வெளியான இரண்டாம் திருத்தத் தொகுப்பில் தீயரண் இயல்பாகவே இயங்குமாறு மாற்றப்பட்டது.

2017 மே 12 அன்று பரவிய ‘வான்னாகிரை’ மற்றொரு பாடத்தைத் தந்தது. அது கோப்புகளைப் பூட்டி, திறப்பதற்குப் பணயத் தொகை கேட்டது. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட கணினிகள் பாதிக்கப்பட்டன. அது பயன்படுத்தியது 445ஆம் எண் வாயில். அவ்வாயிலை வெளியுலகுக்கு மூடியிருந்த இடங்களில் அதனால் வெளியிலிருந்து நேரடியாக நுழைய இயலவில்லை. உள்ளே ஒரு கணினியில் புகுந்த இடத்திலோ, காவலற்ற மற்றக் கணினிகளுக்கு அது விரைந்து பரவியது. அதைத் தடுக்கும் திருத்தம் மார்ச் மாதமே வெளியாகியிருந்தும் பலர் நிறுவவில்லை.

கூடங்குளம் உணர்த்தியது

தமிழ்நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினி ஒன்றில் தீநிரல் இருப்பது குறித்து, 2019 செப்டம்பர் 4 அன்று இந்தியக் கணினி அவசரநிலை நடவடிக்கைக் குழு இந்திய அணுமின் கழகத்திற்குத் தெரிவித்தது. அக்டோபர் 30 அன்று கழகம் அதை உறுதிசெய்தது. பாதிக்கப்பட்டது, நிருவாகப் பணிக்காக இணையத்தோடு இணைந்திருந்த வலையமைப்பிலுள்ள ஒரு கணினி. முதன்மையான உள்வலையமைப்பு அதிலிருந்து பிரித்து வைக்கப்பட்டிருந்தது. நிலையத்தின் இயக்க அமைப்புகள் பாதிக்கப்படவில்லை எனக் கழகம் தெரிவித்தது.

ஒரு பகுதியில் புகுந்தது மறு பகுதிக்குச் செல்லாதவாறு இடைவெளி அமைப்பதே இங்குப் பயன்பட்டது. வருசநாட்டு மலைக்காட்டின் தீத்தடுப்புக் கோட்டின் தத்துவமும் இதுவே. வீட்டிலும் இதைச் சிறிய அளவில் பின்பற்றலாம். பல திசைவிகளில் விருந்தினர் வலையமைப்பு என்னும் வசதி உண்டு. விருந்தினர் கைப்பேசியையும் கண்காணிப்புக் கேமராவையும் அதில் இணைத்துவிட்டால், அவற்றுள் ஒன்று பழுதுபட்டாலும் குடும்பத்தின் கணினிக்கு அது பரவுவது கடினம்.

அரண் காக்காதவை

தீயரண் எல்லாவற்றையும் தடுத்துவிடும் என எண்ணுவது பேதைமை. விரலியில் வரும் நச்சுநிரல் இணைய வாயிலைத் தொடுவதே இல்லை. உதவித்தொகை வந்திருப்பதாகக் கூறும் போலிச் செய்தியின் இணைப்பைச் சொடுக்குபவர், தாமே உள்ளிருந்து கேட்பவராகிறார். கேட்டதற்கு வரும் மறுமொழியைத் தீயரண் அனுமதிக்கிறது. தொலைபேசியில் ஏமாந்து ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கூறுபவரை எவ்வரணும் காவாது.

காவல் கருவியே பகையாவதும் உண்டு. 2016ஆம் ஆண்டு ‘மிராய்’ என்னும் தீநிரல், தயாரிப்பு நிறுவனம் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விடப்பட்ட திசைவிகளையும் கேமராக்களையும் இலட்சக்கணக்கில் கைப்பற்றியது. அவற்றைக் கொண்டே பெரிய இணையச் சேவைகளை முடக்கியது.

செய்ய வேண்டுவன

திசைவியைப் பொருத்திய அன்றே அதன் மேலாண்மைக் கடவுச்சொல்லையும் வைஃபை கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும். அதன் தீயரண் இயங்குகிறதா எனப் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து திசைவியை மேலாளும் வசதி தேவையற்றதெனில் நிறுத்திவிட வேண்டும். கணினியின் மென்பொருள் தீயரணை எப்போதும் இயக்கத்தில் வைத்திருக்க வேண்டும். ஏதேனும் ஒரு விளையாட்டை நிறுவுவதற்காக அதை நிறுத்துமாறு ஒரு நிரல் கேட்டால் ஐயுற வேண்டும். அனுமதி கேட்டு வரும் சாளரத்தைப் படிக்காமல் ஒப்புதல் அளித்தல் கூடாது. இயக்க அமைப்பிற்கும் திசைவிக்கும் வரும் திருத்தங்களைக் காலம் தாழ்த்தாது நிறுவ வேண்டும். இன்றியமையாத கோப்புகளின் படியைக் கணினியோடு இணைக்கப்படாத தனி வன்தட்டில் வைத்தல் வேண்டும். இவ்வளவுக்குப் பின்னும் பண இழப்பு நேர்ந்தால், 1930 என்னும் தேசிய உதவி எண்ணில் உடனே புகார் அளிக்க வேண்டும்.

திருக்குறளின் 75ஆம் அதிகாரம் அரண். அரணின் உயர்வையும் அகலத்தையும் உறுதியையும் எடுத்துரைக்கும் வள்ளுவர், எத்தனைச் சிறப்புடைய அரணும் செயல்திறம் இல்லாதாரிடத்தில் பயனற்றது என்று அதிகாரத்தை முடிக்கிறார். 2003இல் இயக்குவாரின்றிக் கிடந்த தீயரண் அதற்கு அண்மைக் காலச் சான்று. இன்று பல வீடுகளில் கணினியை நன்கறிந்தவர் அங்குப் படிக்கும் பிள்ளையே. திசைவியின் கடவுச்சொல்லை மாற்றுவதும், தீயரண் இயங்குகிறதா எனப் பார்ப்பதும் அரைமணி நேரப் பணி. அப்பணியைச் செய்யும் மாணவர், தம் குடும்பத்தின் உழைப்பிற்குக் காவலராகிறார்.