ஆலங்கட்டியும் ஆடிக்காற்றும்: வீட்டு ஏ.சி-க்கு வரும் பழுதுகளும் தீர்வுகளும்

சித்திரை வெயில் உச்சிக்கு ஏறும்போது ஒரு நாள் மாலை திடீரென்று கருமேகம் திரளும். சூறைக்காற்று வீசும். பத்து நிமிடம் ஆலங்கட்டி கொட்டும். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்து விவசாயிகளுக்கு இது புதிதல்ல. மாவிலும் வாழையிலும் தக்காளியிலும் அது செய்யும் சேதத்தைப் பற்றி நம் இதழில் பலமுறை எழுதியிருக்கிறோம். இந்த முறை வீட்டுச் சுவருக்கு வெளியே நிற்கும் ஒரு பெட்டியைப் பற்றிப் பேசப் போகிறோம்.

கிராமத்து வீடுகளுக்கும் ஏ.சி வந்துவிட்டது. வயதான பெற்றோருக்காகவோ கைக்குழந்தைக்காகவோ ஒரே ஓர் அறையில் மாட்டியிருப்பார்கள். பல வீடுகளில் அது ஒரு போகத்து வருமானத்தில் கழித்து வாங்கிய பொருள். ஒரு மழைக்குப் பிறகு அது குளிராமல் போனால், வருகிற மெக்கானிக் “காயில் போச்சு, மாத்தணும்” என்று சொல்லிவிட்டால், ஆயிரக்கணக்கில் செலவு. உண்மையில் அந்தச் செலவு தேவைதானா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

ஆலங்கட்டி எங்கே அடிக்கிறது?

ஸ்பிளிட் ஏ.சி-யில் அறைக்குள் இருப்பது இன்டோர் யூனிட். வெளியே இருப்பது அவுட்டோர் யூனிட். அறையிலிருந்து எடுத்த சூட்டை வெளியே கொட்டுவது இந்த அவுட்டோரின் வேலை. அதன் பின்பக்கமும் ஒரு பக்கவாட்டும் வரிவரியாகத் தகடு அடுக்கியதுபோல இருக்கும். அதுதான் காயில். குழாய்களின் மேல் கோத்திருக்கும் அந்த அலுமினியத் தகடுகளை ஃபின் என்பார்கள். காகிதம்போல மெல்லியவை, விரல் நகம் பட்டாலே மடங்கும்.

காற்று இந்தத் தகடுகளின் இடைவெளியில் புகுந்துதான் சூட்டை வாங்கிக்கொண்டு போக வேண்டும். ஆலங்கட்டி அடித்துத் தகடுகள் மடங்கினால் அந்த இடைவெளி அடைபடும். சூடு வெளியேறாது. உள்ளே கேஸின் அழுத்தம் ஏறும். கம்ப்ரஸர் அதிக மின்சாரம் இழுக்கும். சூடு தாங்காமல் தானே நின்று நின்று ஓடும். காலையிலும் இரவிலும் ஓரளவு குளிர்கிறது, மதியம் மட்டும் குளிரவில்லை என்றால் முதலில் இந்தத் தகடுகளைப் பாருங்கள்.

தகடு மடங்கியதற்காகக் காயிலை மாற்ற வேண்டியதில்லை. அதை நிமிர்த்துவதற்கென்றே சீப்பு போன்ற ஒரு கருவி இருக்கிறது. ஃபின் சீப்பு என்று கேட்டால் ஏ.சி உதிரிபாகக் கடையில் கிடைக்கும். ஓர் அங்குலத்தில் எத்தனை தகடு இருக்கிறதோ அதற்கேற்ற பல் உள்ள சீப்பை எடுத்து, தகடு ஓடும் திசையிலேயே மெதுவாக வார வேண்டும். பொறுமை இருந்தால் மின்சாரத்தை முழுவதும் நிறுத்திவிட்டு நாமே செய்யலாம். எல்லாத் தகடும் புதிதுபோல நிமிராது. பெரும்பகுதி திறந்தாலே வித்தியாசம் தெரியும்.

காயிலை மாற்ற வேண்டி வருவது குழாயே அடிபட்டு ஓட்டை விழுந்தால்தான். அதிலும் ஓட்டை எட்டும் இடத்தில் இருந்து, செம்புக் குழாயாகவும் இருந்தால் பற்றவைத்தே சரிசெய்யலாம். ஓட்டையைக் கண்டுபிடிக்க ஓர் எளிய அடையாளம் உண்டு. கேஸ் கசியும் இடத்தில் கம்ப்ரஸர் எண்ணெயும் சேர்ந்து கசியும்; அங்கே புழுதி பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும். அப்படிக் கறை இருந்தால் மெக்கானிக்கிடம் அந்த இடத்தைக் காட்டுங்கள்.

காற்று செய்யும் சேதம்

பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே இருக்கும் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், செங்கோட்டைக் கணவாயின் தென்காசிப் பக்கம், கம்பம் பள்ளத்தாக்கு, ஆரல்வாய்மொழி. காற்றாலைகளுக்குப் பேர்போன இந்த ஊர்களில் வைகாசி கடைசியில் தொடங்கும் மேல்காற்று புரட்டாசி வரை ஓயாது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஏறக்குறைய 30 கிலோ எடையுள்ள அவுட்டோர் யூனிட் பறக்காது, ஆனால் ஆடும். தொல்லையே அந்த ஆட்டத்தில்தான் தொடங்குகிறது.

யூனிட் ஆட ஆட, செம்புக் குழாயை இணைக்கும் நட்டுகள் தளரும். வளைவில் குழாய் விரியும். கேஸ் சிறுகச் சிறுகக் கசியும். சுவரில் தாங்கும் இரும்புச் சட்டம் துருப்பிடித்து, போல்ட் தளர்ந்தால் யூனிட்டே விழவும் கூடும். மண் சுவரிலும், உள்ளே வெற்றிடமுள்ள பிளாக் சுவரிலும் போல்ட் பிடிமானம் குறைவு. நம் வீடுகளில் தரையில் இடம் உண்டு. ஓரடி உயரத்துக்குக் கான்கிரீட் மேடை கட்டி, அடியில் ரப்பர் வைத்து, போல்ட் போட்டு முடுக்குவதே நல்லது. கழுவவும் பழுது பார்க்கவும் கைக்கு எட்டும். ஏணியும் வேண்டாம், ஆபத்தும் இல்லை.

வைக்கும் திசையும் முக்கியம். அவுட்டோரின் முன்பக்க விசிறி சூடான காற்றை வெளியே தள்ளுகிறது. அந்த முகம் மேற்கையோ தென்மேற்கையோ பார்த்திருந்தால், மேல்காற்று அந்தச் சூட்டைத் திரும்ப உள்ளேயே தள்ளும். ஏ.சி நின்றிருக்கும்போது காற்று விசிறியைப் பின்பக்கமாகச் சுழற்றும்; அந்த நேரத்தில் ஸ்டார்ட் ஆனால் மோட்டார் திணறும். எனவே காற்றூர்களில் கிழக்குச் சுவரோ வடக்குச் சுவரோ சிறந்தது. கிழக்குப் பக்கத்துக்கு மதிய வெயிலும் குறைவு.

காற்றோடு புழுதி, பஞ்சு, தென்னை நார், சோளச் சருகு எல்லாம் வந்து காயிலில் படியும். காற்றுக் காலத்தில் மாதம் ஒருமுறை, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தோட்டத்துக் குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவினால் போதும். கையில் இருக்கிறதே என்று மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். ஆலங்கட்டி செய்யாத வேலையை அதன் அழுத்தம் செய்துவிடும். டேங்கில் மிச்சமிருக்கும் கந்தகமும் தாமிர மருந்தும் காயிலை அரிக்கும்.

மாட்டுத் தொழுவம் பக்கத்தில் வேண்டாம்

விவசாய வீடுகளுக்கே உரிய பிரச்சினை இது. சாணம், மூத்திரம், கோழி எச்சம் ஆகியவற்றிலிருந்து அம்மோனியா வாயு கிளம்புகிறது. ஈரத்தோடு சேர்ந்த அம்மோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும். தொழுவத்தின் சுவரிலோ கோழிக் கொட்டகையின் ஓரத்திலோ அவுட்டோரை வைத்தால், நாளடைவில் குழாயில் ஊசித் துளைகள் விழலாம். யூரியா, அம்மோனியம் சல்பேட் மூட்டை அடுக்கும் இடத்துக்கும் இது பொருந்தும். முடிந்த அளவு தள்ளி, காற்று வரும் பக்கமாக வையுங்கள்.

ஆலங்கட்டிக்குத் தடுப்பு

யூனிட்டுக்கு மேலே ஒன்றரை, இரண்டு அடி இடைவெளி விட்டு ஒரு சிறிய தகரக் கூரை போடலாம். காற்று தூக்காதபடி சுவரோடு சேர்த்து முடுக்க வேண்டும். ஆலங்கட்டி செங்குத்தாக மட்டும் விழுவதில்லை. சூறைக்காற்றில் சாய்ந்து அடிக்கும். எனவே காயில் வெளியே தெரியும் பக்கங்களுக்கு அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் கம்பிவலையைச் சட்டம் போட்டு, காயிலிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி மாட்டுங்கள். சட்டத்தைக் கழற்றி மாட்டும்படி செய்தால் கழுவ வசதி. காயிலைத் துளைத்து எந்த ஆணியும் அடிக்கக் கூடாது. முன்பக்க விசிறிக்கு எதிரே மூன்றடியாவது எதுவும் மறைக்காமல் இருக்க வேண்டும்.

மழை வந்தால் என்ன செய்வது?

இடி மின்னல் தொடங்கியதும் ரிமோட்டில் மட்டும் அணைத்தால் போதாது. ஏ.சி-க்கான எம்.சி.பி-யை இறக்கிவிடுங்கள். மின்னலும், மரம் விழுந்து கம்பி உரசுவதும் இன்வெர்ட்டர் ஏ.சி-யின் எலக்ட்ரானிக் போர்டை ஒரு நொடியில் பொசுக்கிவிடும்.

மின்சாரம் திரும்பி வந்ததும் உடனே போடாதீர்கள். காற்றில் நியூட்ரல் கம்பி அறுந்திருந்தால் 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு 400 வோல்ட்டை நெருங்கிய அழுத்தம் வந்துவிடக் கூடும். விளக்கு வழக்கத்தைவிடப் பளீரென்று எரிந்தாலோ, மின்விசிறி வெறிபிடித்ததுபோல் ஓடினாலோ மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் பத்து நிமிடம் பொறுத்துப் போடலாம்.

போடுவதற்கு முன் யூனிட்டை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். விசிறி இதழ் உடைந்திருக்கிறதா, மேல்தகடு நசுங்கி விசிறியில் உரசுகிறதா, ஒயர் அறுந்து தொங்குகிறதா, குழாயின் மேல் சுற்றிய கறுப்பு ஃபோம் கிழிந்திருக்கிறதா? ஒயர் தொங்கினால், தண்ணீர் தேங்கி நின்றால், கிட்டே போகவே வேண்டாம். முதலில் மெயின், பிறகுதான் மற்றது. ஏ.சி-க்குத் தனி எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி-யும் இருப்பது உயிர்காக்கும் செலவு.

மெக்கானிக் வரும்போது கவனிக்க வேண்டியவை

* கேஸ் தீர்ந்துபோகும் பொருள் அல்ல. குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. கசிவை அடைக்காமல் கேஸ் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான்.
* கசிவு பார்க்க நைட்ரஜனை ஏற்றி, சோப்பு நீர் தடவிப் பார்க்க வேண்டும். ஆக்சிஜனை ஏற்றவே கூடாது. உள்ளிருக்கும் எண்ணெயோடு சேர்ந்து அது வெடிக்கும்.
* அடைத்த பிறகு வேக்வம் பம்ப் போட்டுக் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் இழுத்துவிட்டே கேஸ் நிரப்ப வேண்டும்.
* எந்த கேஸ், எத்தனை கிராம் என்று யூனிட்டின் லேபிளில் அச்சிட்டிருக்கும். தராசில் நிறுத்து நிரப்பச் சொல்லுங்கள். ஒரு கேஸுக்குப் பதில் வேறு கேஸ் போடக் கூடாது.
* ஆர்-32 கேஸ் தீப்பற்றக் கூடியது. ஆர்-290 என்பது புரொப்பேன். நம் சமையல் எரிவாயுவின் உறவு. கேஸ் உள்ளே இருக்கும்போது பற்றவைக்க விடாதீர்கள். வேலை முடியும்வரை பீடி, அடுப்பு எதுவும் அருகில் வேண்டாம்.
* மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பில் வாங்குங்கள்.

வாசகர் கேள்விகள்

*தோட்டத்தில் நிழல்வலை மிச்சம் இருக்கிறது. அவுட்டோரைச் சுற்றிக் கட்டலாமா?*

கட்டக் கூடாது. நிழல்வலை காற்றோட்டத்தைத் தடுக்கும். புழுதி படிந்தால் முழுதும் அடைத்துவிடும். மேலே பந்தல்போலத் தூரத்தில் போட்டு வெயிலை மறைக்கலாம். ஆலங்கட்டிக்குக் கம்பிவலைதான் சரி.

*வீடு தோட்டத்திலேயே இருக்கிறது. வீட்டு லைனில் வோல்டேஜ் குறைவு. கிணற்று மோட்டார் லைனிலிருந்து ஏ.சி-க்கு எடுக்கலாமா?*

கூடாது. இலவச மின்சாரம் பாசனத்துக்கு மட்டும். வீட்டுக்கு எடுத்தால் விதிமீறல். அபராதமும் வரும், இணைப்பும் போகலாம். தாழ்வழுத்தம் குறித்து மின்வாரிய அலுவலகத்தில் எழுத்தாக மனு கொடுங்கள். அதுவரை உங்கள் ஏ.சி-க்குப் பொருத்தமான ஸ்டெபிலைசர் உதவும்.

*ஆலங்கட்டியில் வாழையும் போனது, ஏ.சி-யும் போனது. இரண்டுக்கும் காப்பீடு கிடைக்குமா?*

வாழையைப் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் பதிவு செய்திருந்தால், ஆலங்கட்டிச் சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். முதலில் அந்த வேலையைப் பாருங்கள். ஏ.சி வாரண்டியில் இயற்கைச் சீற்றத்தால் வரும் சேதம் பொதுவாகச் சேராது. வீட்டுப் பொருள்களுக்குத் தனியாகக் காப்பீடு எடுத்திருந்தால் கேட்கலாம். இரண்டுக்குமே, கை வைப்பதற்கு முன் போட்டோ எடுத்து வையுங்கள்.

*எங்கள் ஏ.சி பழையது, ஆர்-22 கேஸ். அடிபட்டுக் கசிகிறது. பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?*

தகடு மடங்கியது, நட்டு தளர்ந்தது, கப்பாசிட்டர் போனது என்றால் பழுது பாருங்கள், சிறிய செலவுதான். காயிலும் கம்ப்ரஸரும் சேர்ந்து போயிருந்தால் யோசியுங்கள். ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் ஆர்-22-ஐ நாடு படிப்படியாகக் கைவிட்டு வருகிறது. இனி அதற்குச் செலவு கூடும். பழுதுச் செலவு புதிய ஏ.சி விலையில் பாதியைத் தொட்டால், அந்தப் பணத்தை நட்சத்திரக் குறியீடு அதிகமுள்ள புதியதில் போடுவதே லாபம். மின்கட்டணத்திலும் மிச்சமாகும். முடிவெடுக்கும்வரை அறையிலிருக்கும் பெரியவர்களை மதிய நேரத்தில் காற்றோட்டமான திண்ணைக்கோ மரநிழலுக்கோ மாற்றுங்கள். அடிக்கடி நீராகாரமும் மோரும் கொடுங்கள்.