பெண் டாக்டரிடம்தான் சொல்லுவேன்!

வியன்னா நகரத்தில் பெர்க்காஸே என்று ஒரு தெரு. அதில் 19-ம் இலக்க வீடு. 1900-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பதினெட்டு வயதை எட்டவிருந்த பெண் ஒருத்தி அந்த வீட்டு மாடிப்படியில் ஏறினாள். அவளுக்குத் தீராத இருமல். அடிக்கடி குரல் கட்டிவிடும். உயிரோடிருக்கப் பிடிக்கவில்லை என்று கடிதம் எழுதி, பெற்றோர் கண்ணில் படும்படி வைத்திருந்தாள். பயந்து போன தகப்பனார், அவளுக்குப் புத்தி வரும்படி செய்யுங்கள் என்று டாக்டரிடம் ஒப்படைத்தார். டாக்டர் வேறு யாருமல்ல, சிக்மண்ட் பிராய்டுதான்.

அவள் சொன்ன கதை இது. குடும்ப நண்பர் ஒருவர், அவளுக்குத் தகப்பன் வயதிருக்கும், ஏரிக்கரையில் அவளிடம் தகாத முறையில் பேசினார். அவள் அவர் கன்னத்தில் ஓர் அறை கொடுத்துவிட்டு ஓடிவந்தாள். வீட்டில் சொன்னாள். நண்பரோ, “பெண் ஏதோ கற்பனை செய்கிறாள்” என்று சாதித்துவிட்டார். தகப்பனார் நண்பரைத்தான் நம்பினார். அதற்கும் காரணம் உண்டு. அந்த நண்பரின் மனைவிக்கும் தகப்பனாருக்கும் இரகசிய உறவு. விஷயத்தைக் கிளறினால் அவருடைய குட்டுத்தானே வெளிப்படும்!

பிராய்டு அவள் சொன்னதைப் பொய் என்று தள்ளவில்லை. ஆனால் அவர் செய்தது அதைவிட விசித்திரம். “உன் அடிமனத்தில் அந்த மனிதர்மீது உனக்குக் காதல், அதை நீயே ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாய்” என்ற ரீதியில் விளக்கம் கொடுத்துக்கொண்டே போனார். பெண் பொறுமையாகக் கேட்டாள். டிசம்பர் 31-ம் தேதி, “இன்றோடு சரி” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். பதினொரு வார சிகிச்சை அத்தோடு முடிந்தது.

1905-ல் ‘டோரா’ என்ற புனைபெயரில் அவள் சரித்திரத்தைப் பிராய்டு அச்சிட்டபோது, எங்கோ தவறிவிட்டோம் என்பதை அவரே ஒப்புக்கொண்டார். தகப்பனார்மீதும் அந்த நண்பர்மீதும் இருந்த கோபத்தையெல்லாம் அவள் தம் தலையில் இறக்கிவிட்டாள் என்றும், அதைத் தாம் காலத்தில் கவனிக்கவில்லை என்றும் எழுதினார். ஆண்களால் ஏமாற்றப்பட்ட பெண், எதிரே உட்கார்ந்திருப்பவரும் ஆண் என்பதை எப்படி மறப்பாள்?

குருவே சொன்ன யோசனை

இருபது வருஷம் கழித்து, 1920-ல், பிராய்டு இன்னொரு பெண்ணைப் பற்றி எழுதினார். இவளுக்கும் பதினெட்டு வயது. இவளையும் தகப்பனார்தான் அழைத்து வந்தார். அவள் மனம் ஒரு பெண்ணின்மீதே சென்றிருந்தது. அதை மாற்ற வேண்டும் என்பது தகப்பனாரின் விருப்பம். (அது மாற்ற வேண்டிய நோயல்ல என்பது இன்று வைத்திய உலகம் ஏற்றுக்கொண்ட விஷயம்.) இந்தத் தடவை பிராய்டு கவனிக்கத் தவறவில்லை. ஆண்களின்மீது அவளுக்குள்ள வெறுப்பு முழுவதும் தம்மீது திரும்பிவிட்டது என்று கண்டுகொண்டார். சிகிச்சையை நிறுத்தினார். தொடர விரும்பினால் ஒரு பெண் டாக்டரிடம் தொடரலாம் என்று பெற்றோருக்கு யோசனை சொல்லி அனுப்பினார்.

1931-ல் இன்னும் ஒரு படி மேலே போனார். பெண்ணுக்கும் அவள் தாய்க்கும் உள்ள ஆழ்ந்த பந்தத்தைத் தம்மால் சரியாகக் காண முடியவில்லை என்றும், ஹெலன் டாய்ச் முதலிய பெண் டாக்டர்கள் அதை எளிதாகக் கண்டுவிட்டார்கள் என்றும் எழுதினார். நோயாளிகள் அவர்களைத் தாய் ஸ்தானத்தில் வைத்துப் பேசியதே காரணம் என்றார். அவ்வளவு பெரிய மனிதர் எழுபத்தைந்தாம் வயதில் இதை ஒப்புக்கொண்டது லேசான காரியமல்ல.

பிறகு வந்த ஆராய்ச்சி

அப்படியானால் பெண்ணுக்குப் பெண் வைத்தியர்தான் என்று சட்டம் போட்டுவிடலாமா? அதுதான் இல்லை. மேல்நாடுகளில் பல பத்தாண்டுகளாக நடந்த ஆராய்ச்சிகளை ஒன்று சேர்த்துப் பார்த்தவர்கள், வைத்தியர் ஆணா பெண்ணா என்பதால் குணமாவதில் ஏற்படும் வித்தியாசம் மிகச் சொற்பம் என்கிறார்கள். நோயாளிக்கும் வைத்தியருக்கும் இடையே உண்டாகும் நம்பிக்கைக்குத்தான் அதைவிட அதிகப் பங்கு உண்டாம். ஆனால் இன்னொன்றும் சொல்கிறார்கள். நோயாளியின் விருப்பத்தைக் கேட்டு அதற்கு இடம் கொடுத்தால், பாதியில் நின்றுவிடுகிறவர்கள் குறைகிறார்கள்.

ஆக, பெண் வைத்தியர் என்பது வாசற்படியைத் தாண்ட வைக்கும் விஷயம். உள்ளே போன பிறகு நடப்பது வேறு.

நம் ஊரில் அந்த வாசற்படி எவ்வளவு உயரம் என்பது எல்லோருக்கும் தெரியும். பிரசவத்துக்குப் பின் காரணமில்லாமல் அழுதுகொண்டே இருக்கும் இளம் தாய். சிறு வயதில் உறவினன் ஒருவனால் நேர்ந்ததை இருபது வருஷமாக நெஞ்சில் பூட்டி வைத்திருப்பவள். புருஷனோடு படுக்கையறையில் படும் துன்பத்தை யாரிடமும் சொல்லாதவள். இவர்களை ஓர் ஆணின் முன்னே உட்கார வைத்து, “சொல்லம்மா” என்றால் என்ன வரும்? தலைவலி என்பாள். தூக்கமில்லை என்பாள். மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவாள். பக்கத்து நாற்காலியில் மாமியார் வேறு உட்கார்ந்திருந்தால் அந்தத் தலைவலியும் பாதியாகிவிடும்!

இதற்கு நேர்மாறான பெண்களும் உண்டு. பெண்ணிடம் சொல்லத்தான் பயம் என்கிறவர்கள் அவர்கள். காரணம் கேட்டால், “அவங்களும் அத்தை, சித்தி மாதிரி, ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா’ன்னுதானே சொல்லுவாங்க?” என்பார்கள். இந்தப் பயம் வீண் பயமல்ல. அப்படிச் சொல்லும் ஆலோசகிகள் இருக்கவே செய்கிறார்கள். அடிபட்டு வந்தவளை அனுசரித்துப் போகச் சொல்லும் பெண்ணைவிட, குறுக்கே பேசாமல் கேட்கும் ஆண் எவ்வளவோ மேல். ஆண்களிலும் பலருக்கு, இன்னோர் ஆணின் முன்னே கண்ணீர் விடுவது கௌரவக் குறைவு. பெண் டாக்டரிடம் அழுதுவிடுகிறார்கள்.

கீழ்ப்பாக்கத்தில் ஒரு பெண்மணி

இந்தியாவில் மனநோய் வைத்தியத்தில் முறையாகப் பயிற்சி பெற்ற முதல் பெண்மணி டாக்டர் சாரதா மேனன். மங்களூரில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1961-ல் கீழ்ப்பாக்கம் மனநோய் மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அந்த ஆஸ்பத்திரிக்கு மூலமான ஸ்தாபனம் 1794-ல் தோன்றியது. அதன் தலைமை நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. 1978 வரை அவர் அங்கே இருந்தார். ஆண் நோயாளிகளும் பெண் நோயாளிகளும் அவர் பொறுப்பில்தான் இருந்தார்கள். ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை. 1984-ல் ‘ஸ்கார்ஃப்’ என்ற அமைப்பைச் சென்னையில் தொடங்கினார். 1992-ல் பத்மபூஷண் கிடைத்தது. 2021-ல் தம் தொண்ணூற்றெட்டாம் வயதில் காலமானார்.

அவருக்குப் பின் இத்துறைக்கு வந்த பெண்கள் பலர். ஆயினும் தேவை எங்கே, இருப்பு எங்கே! ஒரு கணக்கின்படி, இந்தியாவில் லட்சம் பேருக்கு முக்கால் மனநோய் டாக்டர்தான், அதாவது 0.75. 2015-16-ல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, நோய்க்கு நோய் கணக்கு மாறினாலும், நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சையே பெறுவதில்லை. அந்த முக்கால் டாக்டரிலும் பெண் டாக்டரை மட்டும் பிரித்தெடுத்தால் என்ன மிஞ்சும்?

தேடுவது எப்படி?

முதலில், யார் யார் என்று தெரிந்துகொள்வது நல்லது. மருந்து எழுதித் தருகிறவர் எம்.பி.பி.எஸ். படித்து, அதற்கு மேல் மனநோய் வைத்தியம் படித்த டாக்டர். பேசிக் குணப்படுத்தும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், 1992-ம் வருஷச் சட்டப்படி இயங்கும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவேட்டில் இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை; ஒழுங்கானவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வாசலில் ‘கவுன்சலிங்’ என்று பலகை மட்டும் தொங்கினால் போதாது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் அன்றைக்கு யார் இருக்கிறார்களோ அவர்தான் பார்ப்பார். ஆனாலும் சீட்டு வாங்கும்போதே, “லேடி டாக்டர் என்றைக்கு வருவாங்க?” என்று விசாரித்து அந்தக் கிழமையில் போகலாம். தனியாரிடம் என்றால், போனில் நேரம் குறிக்கும்போதே சொல்லிவிடலாம். காரணம் சொல்ல வேண்டிய அவசியமில்லை. சிறு ஊர்க்காரர்களுக்கு இன்னொரு வசதி, 2020-ல் வந்த தொலை மருத்துவ விதிகள். தேனியில் இருப்பவள் சென்னை டாக்டரோடு போனில் பேசலாம். ஆனால் கூடத்தில் மாமனார் டி.வி. பார்த்துக்கொண்டிருக்கும்போது எங்கே போய்ப் பேசுவது? மொட்டை மாடிதான் பலருக்கு ஆலோசனை அறை. 2022 அக்டோபர் 10-ம் தேதி மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையும் உண்டு. எண் 14416. கட்டணமில்லை, இராப்பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம்.

சொன்னது வெளியே போய்விடுமோ என்ற கவலை வேண்டாம். 2017-ம் வருஷ மனநலப் பராமரிப்புச் சட்டம் இரகசியத்தை நோயாளியின் உரிமையாகவே வைத்திருக்கிறது. சில விலக்குகள் உண்டு; முதல் சந்திப்பிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இரண்டு மூன்று தடவை போயும் மனம் ஒட்டவில்லையென்றால், “வேறொருவரிடம் போகிறேன்” என்று சொல்லிவிட்டு மாற்றிக்கொள்ளலாம். அதில் குற்ற உணர்ச்சிக்கு இடமேயில்லை. டோராவும் அதைத்தானே செய்தாள்?

டோரா என்ன ஆனாள்?

அவளுடைய உண்மைப் பெயர் இடா பாவர். படியிறங்கிப் போன சில மாதங்களுக்குப் பின், அந்த நண்பர் வீட்டுக்கே நேரில் போனாள். ஏரிக்கரையில் நடந்தது உண்மையே என்று அவர் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைத்தாள். 1902 ஏப்ரலில் பிராய்டிடம் வந்து அதைச் சொல்லிவிட்டும் போனாள்.

1922-ல் அவளுக்கு நாற்பது வயது. கல்யாணமாகி ஒரு மகன். தலைசுற்றலும் காதிரைச்சலுமாகப் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். காது வைத்தியர் வேறொரு டாக்டரை அழைத்து வந்தார். அவர் பெயர் பெலிக்ஸ் டாய்ச். பெண்களின் மனத்தை எளிதாகக் கண்டவர் என்று பிராய்டு பின்னாளில் எழுதிய அதே ஹெலன் டாய்ச்சின் கணவர்! கட்டிலருகே வந்து உட்கார்ந்தது மனைவியல்ல, கணவர்தான். இடா பேசத் தொடங்கினாள். புருஷனைப் பற்றி, மகனைப் பற்றி, தகப்பனாரைப் பற்றி, பொதுவாக ஆண்களைப் பற்றி. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நடுவில், “அந்த டோரா நான்தான்” என்று கொஞ்சம் பெருமையோடு சொன்னாள்.

அடுத்த தடவை அவர் வந்தபோது தலைசுற்றல் நின்றுவிட்டிருந்தது.