கிராம சபையும் கழனிப் பாதுகாப்பும்

மதுரையிலிருந்து தேனிக்குச் செல்லும் பெருவழியில், நாகமலைத் தொடரை ஒட்டி அமைந்துள்ளது நாகமலை புதுக்கோட்டை. படுத்துக் கிடக்கும் பாம்பைப் போல் நீண்ட இம்மலையின் பக்கத்தே, 1966-ஆம் ஆண்டில் மதுரைப் பல்கலைக்கழகம் ஏற்பட்ட பின்னர் குடியிருப்புகள் வெகுவாகப் பெருகின. ஆயினும் சுற்றிலுமுள்ள வடபழஞ்சி, கீழக்குயில்குடி முதலிய கிராமங்களில் உழவும் கால்நடையும் இன்னும் ஒழிந்துவிடவில்லை. நகரம் கிராமத்தை நெருங்கும் இத்தகைய இடங்களில் ஒரு புது அபாயம் தோன்றுகிறது. பழைய குடிகளுக்குப் பாழுங்கிணறு எங்கேயிருக்கிறது என்பது தெரியும்; புதிதாகக் குடிவந்தவருக்கும் அவர் குழந்தைகளுக்கும் அது தெரியாது. நிலத்துக்குரியவரோ பல சமயங்களில் வேற்றூரில் வசிக்கிறார். ஒருவர் அறிந்ததை ஊர் முழுவதும் அறியும்படி செய்வதற்கு ஏற்ற இடம் கிராம சபையேயாகும்.

கிராம சபை என்பது யாது?

பஞ்சாயத்து மன்றம் வேறு; கிராம சபை வேறு. மன்றத்தில் தலைவரும் அங்கத்தினரும் மட்டுமே இருப்பர். வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் அங்கத்தினரே. 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ந் தேதி அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் இதற்கு இடமளித்தது. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இதன் கடமைகளை வகுத்தது. முன்னர் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களில் கூடிவந்த இச்சபை, 2022 முதல் மார்ச்சு 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் கூடுமாறு ஏற்பாடாயிற்று. ஜனத்தொகை 10,000-க்கு மேற்பட்ட ஊராட்சியில் 300 பேர் வந்திருந்தாலன்றிக் கூட்டம் செல்லாது.

பாண்டிய நாட்டுக்கு இது புதிதன்று. திருநெல்வேலிச் சீமையிலுள்ள மானூரில் ஏறக்குறைய 1,200 ஆண்டுகளுக்கு முன் பொறிக்கப்பட்ட கல்வெட்டொன்று, ஊர்ச்சபை நடந்துகொள்ள வேண்டிய முறையைக் கூறுகிறது. எடுத்த காரியம் ஒவ்வொன்றையும் வீணே மறுத்துப் பேசித் தடை செய்வோருக்கு 5 காசு தண்டம் என்பது அதிற் கண்ட விதிகளில் ஒன்று.

மதுரை ஜில்லாவின் பஞ்சாயத்துகளில் 2016 அக்டோபர் முதல் 2019-ஆம் ஆண்டு முடியும் வரையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இருக்கவில்லை. 2020 ஜனவரியில் பதவியேற்ற மன்றங்களின் காலமும் 2025 ஜனவரி 5-ந் தேதியோடு முடிவுற்று, நிர்வாகம் மீண்டும் தனி அதிகாரிகள் வசம் சென்றது. மன்றத்தின் பதவிக்காலம் முடியலாம். கிராம சபைக்கோ பதவிக்காலம் என்பதே இல்லை. வீட்டுக்கு வீடு சென்று செய்தி கூறும் வார்டு அங்கத்தினர் இல்லாத காலத்தில் இச்சபைக்குச் செல்வது இரட்டிப்பு அவசியமாகிறது.

கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறு

சபையில் வரவு செலவு, குடிநீர், தெருவிளக்கு ஆகியவை பேசப்படுவது வழக்கம். கழனிக் காட்டிலுள்ள அபாயங்கள் அவற்றுக்குச் சற்றும் குறைந்தவையல்ல. அவற்றுள் முதன்மையானது நீர் வற்றிக் கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறு. மதுரைப் பக்கத்து நிலம் பெரும்பாலும் கடும்பாறையின் மீது அமைந்தது. ஓரிடத்தில் நீர் கிட்டும். அடுத்த இடத்தில் கிட்டாது. நீர் கிட்டாத துளையிலிருந்து மோட்டாரையும், விலை போகும் என்று கேசிங் குழாயையும் உருவி எடுத்துவிட்டு, வாய்மேல் ஒரு சாக்கையோ பலகைக் கல்லையோ வைத்துவிட்டுப் போய்விடுவோர் உளர். மழையில் சாக்கு மக்கும், மண் சரியும். பயிர் வளர்ந்து மறைத்த பின்னர் அத்துளையைக் கண்டுகொள்வாரில்லை.

2019 அக்டோபர் 25-ந் தேதி திருச்சி ஜில்லா மணப்பாறைக்கு அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இத்தகைய துளையில் விழுந்தது. பக்கத்தில் மற்றொரு குழி தோண்டப் பெரிய இயந்திரங்கள் வந்தும், கடும்பாறை வேலையைத் தாமதப்படுத்திற்று. 29-ந் தேதி அதிகாலையில் உயிரற்ற உடலே மீட்கப்பட்டது. ஒரு சில கூடை மண்ணால் தடுத்திருக்கக்கூடிய விபத்துக்கு நாடு முழுவதும் கலங்க நேர்ந்தது.

இதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னரே, 2010-இல், சுப்ரீம் கோர்ட்டு இவ்விஷயத்தில் தெளிவான நெறிகளை வகுத்திருந்தது. அவற்றுள் குடியானவர் அறிய வேண்டியவை வருமாறு:

1. துளை போடுவதற்கு 15 நாட்களுக்கு முன்னரே நிலச் சொந்தக்காரர் எழுத்து மூலம் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும்.

2. வேலை நடக்கும் இடத்தைச் சுற்றி முள்கம்பி வேலியும், விவரம் எழுதிய பலகையும் வேண்டும்.

3. குழாயைச் சுற்றி 0.50 மீட்டர் நீள அகலத்தில் சிமெண்டு மேடை, தரைக்கு மேல் 0.30 மீட்டரும் கீழே 0.30 மீட்டருமாகக் கட்டப்பட வேண்டும். குழாயின் வாயை இரும்புத் தகட்டால் மூட வேண்டும்.

4. மோட்டாரைப் பழுதுபார்க்க எடுக்கும் சமயத்திலும் துளையைத் திறந்து போடலாகாது.

5. கைவிட்ட துளையைக் களிமண், மணல், கல் இவற்றால் அடியிலிருந்து தரைமட்டம் வரையில் நிரப்ப வேண்டும்.

கிராமங்களில் இவற்றை மேற்பார்வை செய்யும் பொறுப்பு பஞ்சாயத்துத் தலைவருக்கும் விவசாய இலாகா அதிகாரிக்கும் விதிக்கப்பட்டது. கிணறு தோண்டுவதற்கும் ஆழப்படுத்துவதற்கும் பஞ்சாயத்தின் அனுமதி பெற வேண்டுமென்று 2015-இல் தமிழ்நாட்டில் விதிகளும் ஏற்பட்டன. எனினும் அதிகாரி ஒருவர் ஒவ்வொரு வரப்பிலும் நடந்து பார்த்தல் இயலாது. எந்தப் புஞ்சையில் எத்தனை துளை கிடக்கிறது என்பதை அறிந்தவர் ஆடு மேய்ப்பவரும் களையெடுப்பவருமே. அவர்கள் வாய் திறந்தாலன்றி விதிகள் காகிதத்தில் மட்டுமே இருக்கும்.

பாம்புக் கடியும் மின்சாரமும்

கழனியில் நடமாடும் நச்சுப் பாம்புகளுள் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கே பெருத்த உயிர்ச்சேதம் விளைவிப்பவை. கட்டுவிரியன் இரவில் தரையில் உறங்குவோரைக் கடிப்பதுண்டு. வலியும் தழும்பும் தெரியாமலே விஷம் ஏறும். கண்ணிமை சோர்தலும் வயிற்று வலியும் அதன் அறிகுறிகள். கடிபட்ட இடத்தைக் கீறுதலும், வாயால் உறிஞ்சுதலும், கயிற்றால் இறுகக் கட்டுதலும் தீமையே தரும். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, 108 வண்டியை வரவழைத்து, விஷமுறிவு மருந்துள்ள ஆஸ்பத்திரிக்கு விரைவதே செய்யத்தக்கது. 2024 நவம்பரில் தமிழ்நாட்டுச் சர்க்கார் பாம்புக் கடியை அவசியம் தெரிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் சேர்த்தது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மருந்து இருப்பிலுள்ளதா, இரவில் வைத்தியர் இருப்பாரா என்பவற்றைக் கடிபட்ட பின்னர் விசாரிப்பதால் பிரயோஜனமில்லை. சபையில் சுகாதார அதிகாரி வந்திருக்கும்போதே கேட்டறிதல் நலம்.

காட்டுப்பன்றிக்கு அஞ்சி வேலிக் கம்பியில் நேரே மின்சாரம் பாய்ச்சுவது சட்ட விரோதம். பன்றியைவிட, இருட்டில் மடை திருப்ப வரும் அண்டை வயற்காரரே அதற்குப் பலியாகிறார். தாழ்ந்து தொங்கும் மின்கம்பியையும், சாய்ந்து நிற்கும் கம்பத்தையும் அறுவடைக்கு முன்னரே மின்வாரியத்துக்குத் தெரிவித்தல் வேண்டும். கதிர் அறுக்கும் இயந்திரம் வயலில் இறங்கிய பின்னர் அதற்கு அவகாசமிராது.

சபையில் செய்யத்தக்கது

பொதுவாகக் குறை கூறுவதால் பயனில்லை. இன்ன சர்வே எண்ணில், இன்ன பாதைக்கு அருகே, மூடப்படாத துளை ஒன்றுளது என்று இடங்குறித்துச் சொல்ல வேண்டும். சொன்னது தீர்மானமாக எழுதப்பட்டதா என்று கையெழுத்திடுவதற்கு முன் வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். யார், எந்தத் தேதிக்குள் செய்வது என்பதும் அத்தீர்மானத்தில் இருத்தல் அவசியம். அடுத்த சபையில் பழைய தீர்மானங்களின் முடிவைக் கேட்பது முதல் வேலையாக இருக்கட்டும்.

அண்டை வீட்டுக்காரர் மனம் நோகுமே என்றெண்ணி அவர் நிலத்திலுள்ள துளையைப் பற்றிப் பேசாதிருப்போர் பலர். அதில் விழப்போவது அவருடைய குழந்தையாகவும் இருக்கலாம். ஆகவே சபை கூடுமுன் அவரிடம் நேரில் சொல்லி, இரண்டு ஆட்களுடன் அன்றே மண் தள்ளி மூடிவிடுதல் மிகவும் உத்தமம். மூடாவிடில் சபையில் சொல்வதே கடமை. வரும் கிராம சபைக்கு முன்னர் ஒவ்வொரு குடியானவரும் தம் நிலத்தை ஒருமுறை சுற்றிவந்து, தம்முடைய கிணற்றையும் துளையையும் முதலில் பார்வையிடுவாராக.