காயம் ஆறும் காலம்

நுவரெலியா, ஹட்டன் பகுதிகளில் கவ்வாத்து வெட்டப்பட்ட தேயிலை மலையை முதன்முறையாகப் பார்க்கும் வெளியூரார் திடுக்கிடுவர். பச்சைப் பட்டு விரித்தாற்போல் இருந்த சரிவு, இலையற்ற குச்சிகளாய் நிற்கும். ஆனால் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதனால் கலக்கம் உண்டாவதில்லை. வேரிலே சேர்ந்திருக்கும் மாச்சத்தைக் கொண்டு செடி மீண்டும் துளிர்க்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். துளிர்த்தவுடன் கூடையை மாட்டிக்கொண்டு எவரும் அந்த மலைக்குப் போவதில்லை. தளிர்கள் குறித்த உயரத்துக்கு வளரும்வரை மாதக்கணக்கிற் காத்திருந்து, மட்டம் பார்த்து நுனி கிள்ளிய பின்னரே ஒழுங்காகக் கொழுந்தெடுக்கத் தொடங்குவர். அவசரப்பட்டுப் பறித்தால் இன்று சில கூடைக் கொழுந்து கிடைக்கலாம். செடியோ பல ஆண்டுகளுக்கு நலிவுறும்.

செடிக்கு இவ்வளவு பொறுமை காட்டும் மனிதன், தன் உடம்புக்கு மட்டும் அதனைக் காட்ட மறுப்பது விந்தையே. காயமுற்ற விளையாட்டு வீரர் எப்போது மீண்டும் களமிறங்கலாம் என்ற கேள்விக்கு, மலையகத்தோடு தொடர்புடைய ஒருவரின் வரலாறே தக்க விடை கூறுகிறது. அவர் முத்தையா முரளிதரன்.

முரளிதரனின் பாட்டனார் 1920ஆம் ஆண்டில் தென்னிந்தியாவிலிருந்து மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குத் தொழில் தேடி வந்தவர். பேரன் 1972 ஏப்ரல் 17ஆம் நாள் கண்டியிற் பிறந்தார். கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் பயின்ற காலத்தில் முதலில் மிதவேகமாகப் பந்து வீசிய அவர், பயிற்சியாளரின் அறிவுரைப்படி பதினான்காம் வயதிற் சுழற்பந்துக்கு மாறினார். 1992ஆம் ஆண்டில் இலங்கைக்காகத் தமது முதலாவது டெஸ்ட் ஆட்டத்தை ஆடினார். பிறவியிலேயே அவரது முழங்கை முற்றாக நிமிராது. மணிக்கட்டின் அசாதாரண வளைவும், தோளின் விரைந்த சுழற்சியும் அவருடைய பந்துக்கு மாயத்தைக் கொடுத்தன. ஆகவே தோள் பழுதுபட்டால் அவருடைய தொழிலே பழுதுபடும்.

முதற் சோதனை 2002 ஏப்ரலில் ஷார்ஜாவில் நேர்ந்தது. களத்தடுப்பின்போது விழுந்ததில் அவரது இடது தோள் மூட்டு விலகியது. அடுத்த மாதம் லார்ட்ஸ் மைதானத்தில் நடந்த டெஸ்டில் அவர் ஆடவில்லை. ஆயினும் மே மாத இறுதியில் பர்மிங்காமில் தொடங்கிய இரண்டாவது டெஸ்டில் ஆடி, ஐந்து விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஏறக்குறைய ஆறு வாரங்களில் அவர் திரும்பிவிட்டார். காயப்பட்டது பந்து வீசாத கை என்பது இதற்கு முக்கிய காரணமாகும்.

இரண்டாவது சோதனை இதனினும் கடுமையானது. 2004 மே மாதத்தில் ஹராரேயில் அவர் கோர்ட்னி வோல்ஷின் 519 விக்கெட் சாதனையைக் கடந்து, உலகில் முதலிடம் பெற்றார். அவ்வாண்டு ஆகஸ்டில் அவரது எண்ணிக்கை 532. அந்நிலையிற் பந்து வீசும் தோளுக்கே சத்திரசிகிச்சை வேண்டியதாயிற்று.

தோள் மூட்டின் அமைப்பை அறிந்தால் இதன் பாரதூரம் விளங்கும். இடுப்பு மூட்டிலே தொடையெலும்பின் தலை, ஆழமான கிண்ணத்துள் பொருந்திய உருண்டை போல் உறுதியாக இருக்கிறது. தோளிலோ, கையெலும்பின் பெரிய உருண்டை ஆழமற்ற சிறு தட்டின்மேல் அமர்ந்துள்ளது. கையை எல்லாத் திசைகளிலும் சுழற்ற முடிவது இதனாலேயே. மூட்டு எளிதில் விலகுவதும் இதனாலேயே. அந்த உருண்டையைத் தட்டைவிட்டு நழுவாமற் காப்பவற்றுள் முக்கியமானவை, அதனைச் சூழ்ந்துள்ள நான்கு தசைகளும் அவற்றின் நாண்களுமாகும். பந்து வீசும் ஒவ்வொரு முறையும் அவை இழுபடுகின்றன. ஓராட்டத்தில் நூற்றுக்கணக்கான பந்துகளை வீசுபவருக்கு அவை தேய்வதில் வியப்பில்லை.

காயம் ஆறுவதற்கு இயற்கை சில படிகளை வகுத்துள்ளது. முதற் சில நாட்களில் வீக்கமும் வெப்பமும் தோன்றும். அடுத்த வாரங்களில் புதிய நார்கள் உண்டாகும், அவை ஒழுங்கின்றிப் பின்னிக் கிடக்கும், வலுவும் குறைவு. அதன்பின் பல மாதங்கள், சில வேளைகளில் ஓராண்டு வரையிலும், அந்நார்கள் இழுவிசையின் திசைக்கேற்ப மெல்ல ஒழுங்குபடும். முற்றாக அசையாதிருந்தால் மூட்டு இறுகிவிடும். மிகையாக அசைத்தால் புதிய நார் அறுந்துவிடும். ஆதலால் இயன்மருத்துவர் முதலிற் கையைத் தொங்கவிட்டு மெல்ல ஊசலாடச் செய்கிறார். பின்பு தோளின் முழு அசைவை மீட்கிறார். பின்னர் தசைக்கு வலுவூட்டுகிறார். கடைசியிலேயே பந்தைக் கையிற் கொடுக்கிறார்.

இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வலி நீங்குவது வேறு. வலிமை திரும்புவது வேறு. வலி முதலில் விடைபெறுகிறது. வலிமையோ பல வாரங்கள் கழித்தே வந்து சேருகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்திலேதான் வீரர்கள் மீண்டும் காயமுறும் ஆபத்து மிகுதி.

முரளிதரன் அந்த இடைக்காலத்தைக் கடந்த விதமே கவனிக்கத்தக்கது. 2004 அக்டோபரில், அவர் ஆடாதிருந்த வேளையில், ஆஸ்திரேலியாவின் ஷேன் வார்ன் சென்னையில் 532 என்ற எண்ணிக்கையைக் கடந்து சென்றார். முதலிடம் கைநழுவிப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எந்த வீரருக்கும் எளிதன்று. ஆயினும் அவர் டெஸ்ட் களத்துக்கு ஓடிவரவில்லை. 2005 ஜனவரியில் ஆழிப்பேரலையாற் பாதிக்கப்பட்டோருக்கு நிதி திரட்ட மெல்பேர்னில் நடந்த ஒருநாள் ஆட்டத்தில் பந்து வீசினார். பின்னர் இங்கிலாந்தில் லங்காஷயர் அணிக்காக ஆடினார். இவ்வாறு படிப்படியாகப் பழகியபின், 2005 ஜூலையிலேயே மேற்கிந்தியருக்கெதிராக டெஸ்ட் ஆட்டத்துக்குத் திரும்பினார். காத்திருந்த காலம் ஏறக்குறைய பதினொரு மாதங்கள்.

அம்மாதமே, பிறந்த ஊராகிய கண்டி அஸ்கிரிய மைதானத்தில், ஓர் இன்னிங்ஸில் 46 ஓட்டங்களுக்கு எட்டு விக்கெட்டுகளைச் சாய்த்தார். 2007 டிசம்பர் 3ஆம் நாள் அதே மைதானத்தில் வார்னின் 708 விக்கெட் சாதனையையும் கடந்தார். 2010 ஜூலை 22ஆம் நாள் காலியில் எண்ணூறாவது விக்கெட்டுடன் டெஸ்ட் வாழ்வை நிறைவு செய்தார். கணக்கிட்டுப் பார்த்தால், எண்ணூறில் 268 விக்கெட்டுகள் சத்திரசிகிச்சைக்குப் பின் கிடைத்தவை. அதாவது மூன்றிலொரு பங்கு, பொறுமை ஈட்டித் தந்த வருவாய்.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் அவர் வாழ்வில் உண்டு. 2011 உலகக் கிண்ணப் போட்டிகளில், முப்பத்தெட்டு வயதில், தொடைத் தசையிலும் முழங்காலிலும் உபாதையுடன் ஆடினார். ஏப்ரல் 2ஆம் நாள் மும்பையில் நடந்த இறுதியாட்டத்தில் எட்டு ஓவர்கள் வீசி 39 ஓட்டங்களைக் கொடுத்தார், விக்கெட் கிடைக்கவில்லை, இந்தியா வென்றது. அதுவே அவருடைய கடைசிச் சர்வதேச ஆட்டம். இனி ஆட வேண்டிய ஆட்டம் இல்லாதவர் அவ்வாறு துணிந்ததை எவரும் குறை கூறார். ஆனால் முன்னே நெடுங்காலம் உள்ளவர்கள் அந்த வழியைப் பின்பற்றலாகாது. உள்ளத்தின் உறுதி, ஆறாத தசைக்கு ஈடாகாது என்பதற்கு அந்த எட்டு ஓவர்களே சான்று.

லயத்து முற்றத்திலும் பாடசாலைத் திடலிலும் ஆடும் சிறுவர்க்கு இதில் பாடம் உண்டு. கணுக்கால் பிசகிய மாணவனை, மறுவாரம் போட்டி இருக்கிறதென்று களத்தில் இறக்குவது அன்பாகாது. மூட்டு முழுமையாக அசைகிறதா? காயப்பட்ட பக்கம் மறு பக்கத்தைப் போல் வலுவாயிருக்கிறதா? சிறிது சிறிதாகக் கூட்டிப் பயின்றபின், மறுநாட் காலையில் வலியோ வீக்கமோ இல்லாதிருக்கிறதா? இம்மூன்று கேள்விகளுக்கும் ‘ஆம்’ என்ற விடை கிடைத்து, மருத்துவரும் உடன்பட்ட பின்னரே அவன் திரும்ப வேண்டும்.

பெரியவர்களின் நிலை இன்னும் கடினமானது. மலைச் சரிவில் வழுக்கி விழுந்து தோள் நோகும் பெண், வலி சற்றுக் குறைந்தவுடன் கூடையைத் தூக்குகிறாள். அவளுக்கு அறிவு இல்லாமலில்லை. ஒரு நாட் பெயர் போனால் அந்த நாளின் கூலியும் போகிறது. புகழ்பெற்ற வீரருக்குப் பதினொரு மாதங்கள் காத்திருக்க வசதி இருந்தது. அவளுக்குப் பதினொரு நாட்களும் பெரும் பாரமே. வேலையின்போது நேரும் காயத்துக்கு நட்டஈடு கோர 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வழி வகுத்துள்ளது. காயம் பட்ட அன்றே தோட்ட மருந்தகத்திலும் அலுவலகத்திலும் அதனைப் பதியச் செய்வது, பின்னர் உரிமை கோருவதற்குத் துணையாகும். வீட்டாரும் தண்ணீர்க் குடத்தையும் விறகுக் கட்டையும் சில வாரங்கள் தாமே சுமந்து அவளுக்கு ஓய்வு கொடுக்கலாம்.

ஓய்வு சோம்பலன்று, அது உடம்பு தன்னைத் தானே பழுதுபார்க்கும் வேலை. கவ்வாத்து மலையைப் பார்த்து, அது வீணே கிடக்கிறதென்று தோட்டத்தில் எவரும் சொல்வதில்லை. நோயுற்ற தோளுக்கும் அந்த நியாயத்தை வழங்குதல் வேண்டும்.