பிரிக்கப் பணம் உண்டு. காக்கப் பணம் இல்லை

ஒரு வீட்டில் குழந்தைக்குப் போதிய ஆகாரமில்லை, குளிரைத் தடுக்க வகையற்ற, ஜனநெருக்கடி மிகுந்த வீடு, தாய்க்குக் குடிப்பழக்கம். இந்நிலையில் சர்க்கார் இரண்டில் ஒன்றைச் செய்யலாம். அக்குடும்பத்துக்கு உதவி புரிந்து, குழந்தையை அங்கேயே வைத்துக் காப்பாற்றலாம். அல்லது குழந்தையை எடுத்துச் சென்று அன்னியர் வீட்டில் வளர்ப்புக்கு விடலாம். முதற்காரியத்துக்கு அளவாகவே பணம் தருவோம், இரண்டாவதற்கு எவ்வளவு செலவானாலும் கொடுப்போம் என்று ஒரு சர்க்கார் ஏற்பாடு செய்து வைத்தால் என்ன நேரும்? வாசகர்கள் இதைக் கற்பனைக் கேள்வி என்று எண்ண வேண்டாம். கனடா தேசத்துப் பூர்வகுடி மக்கள் விஷயத்தில் அந்நாட்டு மத்திய சர்க்கார் பல்லாண்டுகளாகச் செய்துவந்த காரியம் இதுவே. அது இனப்பாகுபாடு என்று கனடா மனித உரிமை டிரிபியூனல் 2016-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி தீர்ப்பளித்தது.

கனடாவில் குழந்தைப் பாதுகாப்பு மாகாணங்களின் பொறுப்பு. ஆனால் பூர்வகுடிகளுக்கென்று ஒதுக்கப்பட்ட 'ரிசர்வ்' நிலங்களில் வசிப்போர் விஷயத்தில், சட்டம் மாகாணத்தினுடையது; பணம் மத்திய சர்க்காருடையது. அந்தப் பணத்தைப் பகிர்ந்தளிக்க 1991-ல் ஒரு சூத்திரம் வகுக்கப்பட்டது. ஒவ்வொரு ரிசர்விலும் நூற்றுக்கு 6 குழந்தைகள் சர்க்கார் பராமரிப்பில் இருப்பார்கள் என்பது அதன் அனுமானம். சிப்பந்திகளின் சம்பளமும், குடும்பம் சிதையாமல் தடுக்கும் வேலைகளுக்கான பணமும் இத்தகைய அனுமானங்களின் பேரில் நிர்ணயிக்கப்பட்டன. ஓரிடத்தில் தேவை அதிகம், ஓரிடத்தில் குறைவு என்ற பேதம் அதற்குத் தெரியாது. 1995-க்குப் பிறகு விலைவாசி ஏற்றத்துக்குத் தக்கபடி அத்தொகையை உயர்த்தவும் இல்லை. ஆனால் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட குழந்தையின் பராமரிப்புக்கோ, ஆன செலவு முழுவதும் திருப்பிக் கொடுக்கப்பட்டது. ஆகவே ஒரு தாயைக் குடியிலிருந்து மீட்பதற்கு நிதி கிடைக்காத ஊரில், அவள் குழந்தையை மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் வேறு வீட்டில் வைத்திருக்கத் தாராளமாகக் கிடைத்தது. குழந்தைகளை வீட்டை விட்டு எடுப்பதற்கு இந்த ஏற்பாடே தூண்டுகோலாக அமைந்தது என்று டிரிபியூனல் கண்டது.

குழந்தையை எடுக்க உத்தரவிடும் நீதிபதியைக் குறை சொல்லிப் பயனில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் குழந்தையை எடுத்தே தீரவேண்டும். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பூர்வகுடிக் குழந்தைகள் இவ்வளவு பேர் பிரிக்கப்படுவதற்குப் பெரும்பாலும் காரணம் அடி உதையன்று, 'கவனிப்பின்மை' என்பது அங்கு நடந்த ஆராய்ச்சிகளின் முடிவு. அச்சொல்லுக்குப் பின்னே இருப்பவை வறுமை, மோசமான வீடு, போதைப் பழக்கம் ஆகிய மூன்றுமே. மாகாணச் சட்டங்களோ, பிரிப்பதற்கு முன் லகுவான வேறு வழிகளைப் பார்க்கச் சொல்கின்றன. அவ்வழிகளுக்கு ரிசர்வில் நிதியே கிடையாது என்றால், நீதிபதி எதை உத்தரவிடுவார்? 2021-ம் ஆண்டு ஜனக்கணக்குப்படி, கனடாவில் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பூர்வகுடியினர் நூற்றுக்கு 7.7 பேர்தான், வளர்ப்பு இல்லங்களில் உள்ள குழந்தைகளிலோ அவர்கள் நூற்றுக்கு 53.8 பேர்.

இதற்கு ஒரு பழைய சரித்திரமும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் 1990-களின் பிற்பகுதி வரை, ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட பூர்வகுடிக் குழந்தைகள் விடுதிப் பள்ளிகளில் அடைக்கப்பட்டார்கள். தாய்மொழி பேசினால் தண்டனை. இதற்காக 2008 ஜூன் 11-ந் தேதி பிரதம மந்திரி பார்லிமெண்டில் மன்னிப்புக் கேட்டார். அப்பள்ளிகள் மங்கத் தொடங்கிய காலத்திலேயே, குழந்தைகளை எடுத்து வெள்ளையர் வீடுகளில் வளர்ப்புக்கு விடும் வழக்கம் பெருகிற்று. விடுதிப் பள்ளியில் வளர்ந்த பிள்ளை, பெற்றோர் அன்பென்பது இன்னதென்று அறியாமலே தானும் பெற்றோராயிற்று. பிறகு, "இவர்களுக்குக் குழந்தை வளர்க்கத் தெரியவில்லை" என்று அவர்கள் பிள்ளைகளையும் எடுத்தார்கள்.

வழக்கைத் தொடுத்தவர்கள் பூர்வகுடிச் சபையும், ஸின்டி பிளாக்ஸ்டாக் என்ற மாது தலைமை வகித்த குழந்தை நலச் சங்கமும். மனுத் தாக்கலானது 2007 பிப்ரவரியில். சர்க்கார் தரப்பு வாதத்தைக் கவனியுங்கள்: "நாங்கள் பணம் கொடுப்பவர்களே தவிர, ஊழியம் செய்பவர்களல்ல, மேலும் மத்திய சர்க்கார் கொடுப்பதை மாகாணம் கொடுப்பதோடு ஒப்பிடலாகாது" என்பது அதன் சாரம். 2011-ல் டிரிபியூனலின் தலைவர் இதை ஏற்று, சாட்சிகளைக் கேளாமலே மனுவைத் தள்ளினார். 2012-ல் பெடரல் கோர்ட்டு அதை ரத்துச் செய்து வழக்கை உயிர்ப்பித்தது. இதனிடையே, பூர்வகுடித் தலைவர்களுடன் நடந்த ஒரு கூட்டத்தில் அம்மாதை உள்ளே விடாமல் சர்க்கார் அதிகாரிகள் வெளியே நிறுத்தியதும் உண்டு. அது பழிவாங்குதல் என்று டிரிபியூனலே பின்னர் தீர்ப்பளித்து, 20,000 டாலர் நஷ்டஈடு விதித்தது.

இவ்வழக்கோடு ஒரு சிறுவன் பெயரும் சேர்ந்தே நிற்கிறது. மானிட்டோபா மாகாணத்து நார்வே ஹவுஸ் பூர்வகுடியில் 1999-ல் பிறந்த ஜோர்டன், பிறவியிலேயே கடும் நோயுற்றவன். இரண்டு வயதானபோது, இனி ஆஸ்பத்திரியை விட்டு ஒரு வீட்டில் வைத்துப் பராமரிக்கலாம் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். அந்தச் செலவு யாருடையது என்று மத்திய சர்க்காரும் மாகாண சர்க்காரும் வழக்காடத் தொடங்கின. வழக்காடிக்கொண்டே இருந்தன. 2005-ல், ஐந்து வயதில், அவன் ஆஸ்பத்திரியிலேயே இறந்தான். ஒருநாள்கூட ஒரு வீட்டில் வசிக்கவில்லை. முதலில் குழந்தைக்கு வேண்டியதைச் செய், பங்கீட்டுத் தகராறைப் பிறகு தீர்த்துக்கொள் என்பது 'ஜோர்டன் கோட்பாடு.' 2007 டிசம்பரில் கனடா காமன்ஸ் சபை இதை ஏகமனதாக ஏற்றது. ஆயினும் சர்க்கார் அதற்கு மிகக் குறுகிய அர்த்தம் செய்துகொண்டதால் பயனில்லாமற் போயிற்று. கடைசியில் டிரிபியூனல் 2017-ல் கெடு விதிக்க வேண்டியதாயிற்று: அவசரமான கோரிக்கைக்கு 12 மணி நேரத்தில் பதில், மற்றவற்றுக்கு 48 மணி நேரத்தில்.

2016-ம் வருஷத் தீர்ப்போடு காரியம் முடிந்துவிடவில்லை. தீர்ப்பின்படி நடக்கவில்லை என்று டிரிபியூனல் மீண்டும் மீண்டும் ஆணை பிறப்பித்தது. 2018 பிப்ரவரியில், குடும்பங்களைச் சிதையாமல் காக்கும் வேலைக்கும் ஆன செலவு முழுவதையும் கொடுக்கவேண்டும் என்று உத்தரவிட்டது. நம் அபிப்பிராயத்தில், இவ்வழக்கின் மிக முக்கியமான உத்தரவு இதுதான். பிரிப்பதற்கு இருந்த தாராளம் முதன்முறையாகக் காப்பதற்கும் வந்தது. 2019-ல், பாதிக்கப்பட்ட குழந்தை ஒவ்வொன்றுக்கும் 40,000 டாலர் நஷ்டஈடு என்றது. சர்க்கார் அதை எதிர்த்து பெடரல் கோர்ட்டுக்குப் போயிற்று, 2021-ல் தோற்றது. முடிவில் ஏற்பட்ட சமரசப்படி 2,334 கோடி டாலர் கொடுக்க 2023 அக்டோபரில் கோர்ட்டு அனுமதி தந்தது. அதன் பலனைப் பெறவேண்டியவர்கள் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்கள்.

இதற்கிடையே 2020 ஜனவரி முதல் தேதி ஒரு புதுச் சட்டமும் அமலுக்கு வந்தது. வறுமை, வீடின்மை போன்ற காரணங்களுக்காக மட்டும் பூர்வகுடிக் குழந்தையை எடுக்கலாகாது என்கிறது அது. தங்கள் குழந்தைகளின் நலனைத் தாங்களே சட்டமியற்றி நடத்த அம்மக்களுக்குள்ள உரிமையையும் அது உறுதி செய்கிறது. க்யுபெக் மாகாணம் அதன் செல்லுபடியை ஆட்சேபித்தது. 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு ஏகமனதாகச் சட்டத்தை நிலைநிறுத்தியது.

நஷ்டஈடு கடந்தகாலத்துக்கு; வருங்கால ஏற்பாட்டுக்கு மத்திய சர்க்கார் 2024 ஜூலையில் பத்தாண்டுகளுக்கு 4,780 கோடி டாலர் தருவதாகச் சொல்லிற்று. சிறு தொகையன்று. ஆயினும் அவ்வாண்டு அக்டோபரில் கால்கரி நகரில் கூடிய பூர்வகுடித் தலைவர்கள் அதை ஓட்டெடுத்து நிராகரித்தார்கள். பத்தாண்டு கழிந்தபின் என்ன நிச்சயம், டிரிபியூனலின் மேற்பார்வை நீங்கிவிட்டால் யாரிடம் முறையிடுவது என்பன அவர்கள் கேட்ட கேள்விகளில் சில.