செதுக்கினாரா, கீறினாரா?

மாணவர்களே, அச்சுப்படம் எதைப் பற்றி எழுதினாலும் 'செதுக்கினார்' என்றே போட்டுவிடுகிறீர்கள். விடைத்தாள் திருத்தும்போது அதிகம் கண்ணில் படுவது இந்தச் சொல்தான். எப்போதும் அது பொருந்துமா? பாருங்க.

மதாம் தெ பொம்பதூர் (1721–1764), பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் அரசவையில் பெரும் செல்வாக்கு பெற்ற சீமாட்டி. 1745இல் மார்க்கீஸ் பட்டம் பெற்றார். ஓவியர் பூஷே தீட்டிய அவருடைய உருவப்படங்கள் புகழ்பெற்றவை. ஆனால் அவரும் ஒரு கலைஞர்தான். மணிக்கல் சிற்பி ழாக் குவே சிறு கற்களில் அமைத்த உருவங்களை, பூஷே போன்றோர் வரைந்த படிகளைப் பார்த்துச் செப்புத் தகடுகளில் ஏற்றினார். ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்கள்! அத்தொகுதி ஒன்று அமெரிக்காவில், பால்டிமோரிலுள்ள வால்ட்டர்ஸ் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தொகுதியின் பிரெஞ்சுத் தலைப்பில், குவே கல்லில் செய்ததற்கும் சீமாட்டி செம்பில் செய்ததற்கும் ஒரே வினைதான். தமிழில் அப்படி எழுதினால் இடிக்கும். குவே, சுழலும் கருவியால் கல்லையே குடைந்தார், அது செதுக்கல். செப்புத் தகட்டு வேலை வேற மாதிரி. தகட்டில் மெழுகுக் கலவை பூசி, ஊசியால் அந்தப் பூச்சை மட்டும் கீறுவார்கள். ஊசி செம்பை வெட்டாது. பிறகு ஊற்றும் அமிலம், கீறல் விழுந்த இடத்தில் செம்பை அரிக்கும். பூச்சை நீக்கி, மை தடவி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து அழுத்தினால் பள்ளத்திலுள்ள மை தாளில் ஏறும், இடவலம் மாறி. பெயர் பொறிக்க வேண்டுமா? தகட்டில் தலைகீழாக அல்ல, கண்ணாடியில் தெரிவதுபோல எழுத வேண்டும்.

ஆக, குவே செதுக்கினார், சீமாட்டி கீறினார், அமிலம் அரித்தது. அரித்தவருக்குப் பட்டம் எதுவும் கிடைக்கவில்லை, பாவம்!