மீன்தொட்டிக்குப் பம்பியும் குழாயும்

மண்பானையொன்றில் இரண்டு மூன்று மீன்களை விட்டு வளர்ப்பதற்கும், ஆறடி நீளமான கண்ணாடித் தொட்டியில் அறுபது மீன்களைப் பேணுவதற்கும் உள்ள வேறுபாடு அளவினால் மாத்திரம் ஏற்படுவதன்று. பானை நீரை வேண்டும்பொழுது கையாலே மாற்றிவிடலாம். பெருந்தொட்டியின் நீரோ இரவும் பகலும் இடையறாது இயங்கவேண்டுவது. மீன்களின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் தோன்றும் அமோனியா மிகச் சிறிய அளவிலேயே அவற்றுக்கு நஞ்சாகும். வடிகட்டியில் வாழும் பற்றீரியாக்கள் அதனை முதலில் நைத்திரைற்றாகவும், பின்னர் அத்துணைக் கேடு விளைவிக்காத நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. அத்தொழில் நடைபெறுவதற்கு நீர் அவற்றிடம் வந்து சேர்தல் வேண்டும்; வரும் நீரில் ஒட்சிசனும் இருத்தல் வேண்டும். வெப்பநாடுகளில் இவ்விரண்டாவது தேவை மேலும் இன்றியமையாதது. 0 பாகைச் சதமவளவையில் ஓர் இலீற்றர் நன்னீர் ஏறத்தாழ 14.6 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையில் அது 7.5 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். ஆகவே வெப்பநாட்டுத் தொட்டியில் நீரோட்டம் தளர்வதைத் தாங்கும் கால எல்லை மிகக் குறுகியது.

பெருந்தொட்டிகளில் வழக்கமாக அமைக்கப்படும் ஒழுங்கு எளிமையானதே. மேல்தொட்டியில் நிரம்பி வழியும் நீர் ஒரு வடிகுழாய் வழியே, தாங்கியின் அடியிலுள்ள கீழ்த்தொட்டிக்கு இறங்கும். அங்கு வடிகட்டிகளைக் கடந்து, தடுப்புச் சுவரால் பிரிக்கப்பட்ட கடைசி அறையை அடையும். அவ்வறையிலுள்ள பம்பி அதனை ஏற்றுகுழாய் வழியே மீண்டும் மேலே அனுப்பும். இவ்வொழுங்கில் பம்பியையும் குழாய்களையும் எவ்வளவினவாகத் தெரிவு செய்வது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

பம்பி வாங்குவோர் பெரும்பாலும் பெட்டியின்மேல் அச்சிடப்பட்டுள்ள இலீற்றர்க் கணக்கையே நோக்குகின்றனர். அக்கணக்கு, பம்பி எவ்வித உயரத்துக்கும் ஏற்றாமல், குழாயே இல்லாமல் தள்ளக்கூடிய நீரின் அளவாகும். அருகிற் குறிக்கப்படும் உச்சவுயரமோ, ஒரு துளி நீரும் வெளிவராது நின்றுவிடும் உயரம். உண்மையான வேலை இவ்விரண்டு எல்லைகளுக்கும் இடையில் எங்கேயோ நிகழ்கின்றது. அவ்விடத்தைத் தீர்மானிப்பதிற் குழாய்க்குப் பெரும் பங்குண்டு. ஆதலின் முதலிற் குழாயைத் தெரிந்து, அதன்பின் பம்பியைத் தெரிவதே முறை.

ஓர் உதாரணத்தால் இது தெளிவாகும். 180 சதமமீற்றர் நீளமும் 60 அகலமும் 60 உயரமும் கொண்ட தொட்டியின் கொள்ளளவு 648 இலீற்றர். மணலும் கல்லும், மேலே விடப்படும் வெற்றிடமும் போக ஏறத்தாழ 600 இலீற்றர் நீர் எஞ்சும். மணிக்கு நான்கு முதல் ஆறு முறை நீர் முழுவதும் சுழலவேண்டும் என்பது மீன் வளர்ப்போரிடையே நிலவும் வழக்கு. இஃது இயற்கை விதியன்று. எனினும் கணக்கைத் தொடங்குவதற்குப் போதுமானது. ஐந்து முறையெனக் கொண்டால் மணிக்கு 3,000 இலீற்றர் வேண்டும். கீழ்த்தொட்டியின் நீர்மட்டத்திலிருந்து மேற்குழாயின் உச்சிவரை 1.3 மீற்றர் உயரமும், குழாயின் நீளம் 3 மீற்றரும், முழங்கை வடிவ மூட்டுக்கள் நான்கும் உள்ளன எனக் கொள்க.

குழாயின் உராய்வாலும் மூட்டுக்களின் தடையாலும் ஏற்படும் இழப்பை, பம்பி கூடுதலாக ஏற்றவேண்டிய உயரமாகவே கணிப்பர். 16 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள குழாயில் மணிக்கு 3,000 இலீற்றர் பாயவேண்டுமாயின், நீர் செக்கனுக்கு நான்கு மீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடவேண்டும். இழப்பு ஏறத்தாழ 7 மீற்றர். 25 மில்லிமீற்றர்க் குழாயில் அது 1 மீற்றர் அளவாகும். 32 மில்லிமீற்றரில் 0.4 மீற்றரும் ஆகாது. நீரை உயர்த்துவதற்கு வேண்டியது 1.3 மீற்றரே என்பதை நினைவிற் கொண்டால், சிறு குழாய் விதிக்கும் வரி எத்துணைக் கொடியது என்பது புலனாகும்.

இனி, மணிக்கு 5,000 இலீற்றர் எனவும் உச்சவுயரம் 4 மீற்றர் எனவும் குறிக்கப்பட்ட ஒரு பம்பியை எடுத்துக்கொள்வோர், உயரம் கூடக்கூட அதன் பாய்ச்சல் நேர்கோட்டில் குறைகின்றது என்று கருதிக் கணித்தால், 32 மில்லிமீற்றர்க் குழாயில் ஏறத்தாழ 3,000 இலீற்றரும், 25 மில்லிமீற்றரில் 2,500 இலீற்றரும், 16 மில்லிமீற்றரில் 1,400 இலீற்றருமே கிடைக்கக் காண்பர். பம்பி ஒன்றே, குழாய் மாத்திரம் வேறு. நீர் போதவில்லையெனச் சினந்து, அச்சிறு குழாயை மாற்றாமலே, அதே உச்சவுயரமும் 10,000 இலீற்றர் அளவும் உடைய பம்பியை வாங்கிப் பூட்டினால் 1,600 இலீற்றர் அளவே வரும். இருமடங்கு பம்பிக்குக் கிடைக்கும் பயன் 200 இலீற்றர்! பம்பி ஆண்டு முழுவதும் ஓய்வின்றி இயங்குவது. மிகையாகச் செலவாகும் ஒவ்வொரு 10 உவாற்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ 88 அலகு மின்சாரமாகும். நீரினுள் அமிழ்ந்து இயங்கும் பம்பியாயின் அதன் வெப்பமும் நீரையே சேரும்.

இவ்வளவு பெரிய வேறுபாட்டுக்குக் காரணம் விட்டத்தின் அடுக்கு ஆகும். பாய்ச்சல் மாறாதிருக்க விட்டத்தைப் பாதியாக்கினால் வேகம் நான்கு மடங்காகும். இழப்போ வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வதால், மூட்டுக்களிற் பதினாறு மடங்காகும். குழாயின் நேர்ப்பகுதியில், சுவர் நெருங்குவதும் சேர்ந்து, ஏறத்தாழ முப்பத்திரண்டு மடங்காகும். மயிர்போன்ற நுண்குழாய்களில் விதி சற்று வேறுபடும். குருதியோட்டத்தை அறிய விழைந்த பிரெஞ்சு மருத்துவர் புவாசேய், அங்கு பாய்ச்சல் ஆரையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என 1840ஆம் ஆண்டளவில் ஆய்ந்து கண்டார். பெருங்குழாய்களுக்கான விதியை உருவாக்கியவர்களுள் டார்சி என்னும் பொறியியலாளர் குறிப்பிடத்தக்கவர். டிஜோன் நகருக்குக் குடிநீர் கொணர்ந்த அவர், குழாய்களைப் பற்றிய தம் பரிசோதனைகளை 1857இல் வெளியிட்டார். நகருக்கு நீரூட்டிய கணக்கே மீனுக்கும் உதவுகின்றது.

வடிகுழாயின் நிலைமை வேறு. அதிற் பம்பியின் தள்ளுவிசை கிடையாது; நீர் தன் பாரத்தால் மாத்திரமே இறங்கவேண்டும். காற்றும் உடன் இழுபட்டுக் களகளவென ஒலிக்கும். ஆகையால் ஏற்றுகுழாய் 32 மில்லிமீற்றராயின், வடிகுழாய் 40 மில்லிமீற்றருக்குக் குறையாதிருத்தல் நன்று. அதனருகே, வாய் சற்று உயரமாக அமைந்த இரண்டாவது வடிகுழாயொன்றும் இருத்தல் வேண்டும். ஓர் இலையோ நத்தையோ முதற் குழாயை அடைத்துவிடின், வீட்டுத் தரையைக் காப்பது அதுவே. இதனை மிகையான செலவு என்று தள்ளிவிடுவோர் பலர். பம்பியிற் சிக்கனம் பிடிப்பினும் இங்கு பிடிக்கலாகாது.

மின்சாரம் தடைப்படும்பொழுது நிகழ்வது பலர் எதிர்பாராதது. பம்பி நின்றதும், ஏற்றுகுழாயில் நிரம்பியிருக்கும் நீர் கீழ்நோக்கித் திரும்பி, தனக்குப் பின்னாலுள்ள தொட்டி நீரையும் இழுத்துச் செல்லும். குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு மேலே வந்து காற்றை உள்வாங்கும்வரை இது நில்லாது. மேற்கூறிய தொட்டியில் ஒவ்வொரு சதமமீற்றர் ஆழமும் 10.8 இலீற்றராகும். குழாயின் வாய் 3 சதமமீற்றர் ஆழத்தில் இருந்தால் ஏறத்தாழ 32 இலீற்றர் இறங்கும். 20 சதமமீற்றர் ஆழத்தில் இருந்தால் 216 இலீற்றர் இறங்கும். 150 இலீற்றர் கொள்ளும் கீழ்த்தொட்டியில் 90 இலீற்றர் நீர் ஏற்கெனவே இருக்குமாயின், எஞ்சியது எங்கே செல்லும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. வாயை மேற்பரப்பின் அருகே அமைத்தலும், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சிறு துளையிட்டுக் காற்றுக்கு வழிவிடுதலும் தக்கன. பின்னோட்டத்தைத் தடுக்கும் வால்வுகளும் விற்கப்படுகின்றன. பாசியோ மணலோ சிக்கினால் அவை முற்றாக மூடா. அவற்றை மாத்திரம் நம்புதல் தகாது.

இதற்கு மறுபுறமான கணக்கும் உண்டு. வடிகுழாய்கள் இரண்டும் அடைபட்டால், பம்பி தன் அறையிலுள்ள நீரனைத்தையும் மேலே ஏற்றிவிடும். அவ்வறையில் 20 இலீற்றர் இருப்பின் மேல்தொட்டியின் மட்டம் 2 சதமமீற்றருக்குச் சற்றுக் குறைய உயரும். அதற்கு இடம் விட்டே விளிம்பை அமைத்தல் வேண்டும்.

பாய்ச்சலைக் குறைக்கவேண்டின், பம்பி நீரை வெளிவிடும் பக்கத்திலேயே வால்வைப் பூட்டவேண்டும். உறிஞ்சும் பக்கத்தை நெருக்கினால் பம்பியினுள் அமுக்கம் குறைந்து, குமிழிகள் தோன்றி, இரைச்சலும் தேய்மானமும் உண்டாகும். அமைதியான நீரை விரும்பும் மீன்களை வளர்ப்போர், நீரோட்டத்தை இரண்டு மூன்று வாய்களாகப் பிரித்துவிடுவது நலம்.

இவையெல்லாம் பூட்டி முடிந்தபின், மீன்களை விடுவதற்கு முன்னரே, நீர் நிரப்பிப் பம்பியை ஒருநாள் ஓட்டி, மின்சாரத்தைக் கையால் நிறுத்திப் பார்க்கவேண்டும். கீழ்த்தொட்டியில் நீர் ஏறி நிற்கும் இடத்தில் ஒரு கோடிட்டு, ஓடும்பொழுது அம்மட்டம் எங்கு இருக்கின்றதோ அங்கு இன்னொரு கோடிடுக. ஆவியாகிக் குறையும் நீரை நிரப்புபவர் பின்னர் அந்த இரண்டாவது கோட்டைத் தாண்டாதிருந்தாற் போதும்.